தலையிடாமைச் சான்றிதழ்

குடவாசல் பக்கம் சித்தனாங்குடியில் இனிமேல் நெல் காய வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது.

அதற்கு முன்பும் அங்கே நெல் காய்ந்துகொண்டுதான் இருந்தது. தார் ரோட்டில் காய்ந்தது, பள்ளிக்கூட மைதானத்தில் காய்ந்தது, முகூர்த்தம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபத்து வாசலில் காய்ந்தது. சூரியன் எந்த அரசாணையும் கேட்காமல் அந்த வேலையைச் செய்துவந்தது. ஆனால் குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கிற ஊரில் சூரியனை எவ்வளவு தூரம் நம்புவது? ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் நெல் எடுபடாது. எடுபடாத நெல் ரோட்டோரம் கிடந்து நனைந்து நாலாம் நாள் முளைத்து நிற்கும். பாடுபட்டு அறுத்த நெல் மறுபடியும் நாற்றாகி நிற்பதைப் பார்க்கிற வயிற்றெரிச்சலுக்கு எந்த இலாகாவும் இன்னும் நிவாரணம் அறிவிக்கவில்லை.

ஆகவே, மகளிர் தொழில் தலைமைத்துவ மேம்பாட்டு இயக்ககம் என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயருடைய ஓர் அலுவலகம், பெண்கள் தலைமையில் நடக்கும் உழவர் நிறுவனங்களுக்கு நெல் உலர்த்தும் இயந்திரத்தை இலவசமாக வழங்க முன்வந்தது. சித்தனாங்குடியில் அப்படி ஒரு நிறுவனம் இருந்தது. பெயர் நாற்றங்கால் மகளிர் உழவர் நிறுவனம். முன்னூற்றுப் பன்னிரண்டு பெண்கள் பங்குதாரர்கள். அவர்களில் பாதிப் பேருடைய அம்மாக்கள் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். இவர்கள் சொந்த வயலில் நட்டு, விதைநெல் விற்று, இரண்டு அறுவடை இயந்திரம் வாங்கி, பதினோரு வருஷமாகக் கம்பெனியை நிமிர்ந்து நிற்க வைத்திருந்தார்கள். நிர்வாக இயக்குநர் மதிவதனி. நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவராக ஆரம்பித்தவர். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் வயலும், அந்த வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலும், அந்த வாய்க்காலை அடைக்கிற ஆள் யார் என்பதும் அவருக்கு மனப்பாடம்.

ஆடி மாதம் இயந்திரம் வந்து இறங்கியது. கம்பெனி கிடங்கில் நிறுத்தி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, ஸ்விட்சுப் பெட்டியில் ஒரு பூட்டும் போட்டார்கள். சாவி மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது. சாவி வேண்டுமென்றால் ஒரு சான்றிதழ் வேண்டும்.

அரசாணையின் ஏழாம் விதி இப்படிச் சொன்னது: "தலைமை என்பது மெய்யான தலைமையாக இருத்தல் வேண்டும். ஏட்டில் மனைவியும் நடப்பில் கணவரும் தலைமை வகிக்கும் நேர்வுகள் அரசின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. எனவே, கணவரின் தலையீடு ஏதுமில்லை என்று உரிய அலுவலர் நேரில் ஆய்ந்து சான்றளித்த பின்னரே இயந்திரம் இயக்கப்படும்."

நியாயமான விதிதான். தலைவிக்குப் போட்ட நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்து, தலைவி பின்னால் நின்று விசிறுகிற கூட்டங்களை நாமும் பார்த்திருக்கிறோம். அவற்றில் நாமும் கைதட்டியிருக்கிறோம். ஆகவே விதியைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது.

ஆய்வுக்கு வந்தவர் துணை இயக்குநர் தமிழரசன். நல்ல மனிதர். விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இளநீர் குடித்தார்.

"உங்க வீட்டுக்காரர் கம்பெனி விஷயத்துல தலையிடுறாருங்களா மேடம்?"

"இல்லைங்க சார்."

"ஒரு தடவைகூட?"

"அவங்களுக்கு மாடு மூணு இருக்கு. மீன் குட்டை ஒண்ணு இருக்கு. சமையலும் அவங்கதான் பார்க்குறாங்க. நேரம் ஏதுங்க?"

"அப்போ நேரம் இருந்தா தலையிடுவாரு."

"நேரம் இருந்தா தூங்குவாங்க சார்."

தமிழரசன் எழுதிக்கொண்டார்: 'நேரமின்மை, தூக்கம் ஆகிய காரணங்களால் மட்டுமே இதுவரை தலையிடவில்லை.'

அந்த நேரம் பார்த்து விதைநெல் வாங்க வந்து சேர்ந்தார் ஜெக்கரியா பாய். திருத்துறைப்பூண்டியில் நெல் மண்டி வைத்திருப்பவர். எட்டு வருஷமாக இந்தக் கம்பெனியோடு வியாபாரம். மதிவதனியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி உதவலாம் என்று அவர் நினைத்தார். கெடுதல் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

"தங்கச்சியப் பத்தி என்னைக் கேளுங்க சார்," என்றார் பாய். "பேரம் படிஞ்சிடுச்சுன்னு நெனச்சு எந்திரிப்போம். 'அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன் பாய்'னு ஒரு வார்த்தை சொல்லும். முடிஞ்சுது. ரெண்டு நாள்ல நாமளே போன் போட்டு வெலைய ஏத்திக் குடுப்போம்."

தமிழரசனின் பேனா நின்றது.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் மூஞ்சிக்கு நேராக முடியாது என்று சொல்வதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமும், மாட்டுக்கு விலை கேட்டவரிடமும், ஓட்டுக் கேட்டு வந்தவரிடமும் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்" என்றுதான் சொல்வோம். வீட்டில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். சொன்னவருக்கும் அது தெரியும், கேட்டவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த அந்த விஷயம் ஏழாம் விதிக்கு மட்டும் தெரியவில்லை.

"இப்படி எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார் தமிழரசன்.

"எட்டு வருஷத்துல ஒரு நாப்பது தடவை இருக்கும்," என்றார் பாய் பெருமையாக.

"நாற்பது முறை கணவரின் முன் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது," என்று சொல்லிக்கொண்டே தமிழரசன் எழுதினார்.

"ஐயோ சார், நான் ஒரு தடவைகூட அவங்களைக் கேட்டதில்லைங்க."

"அப்போ பாய்கிட்ட நாப்பது தடவை பொய் சொல்லியிருக்கீங்க."

கணவரைக் கேட்கிற தலைவிக்கு ஏழாம் விதிப்படி இயந்திரம் கிடையாது. பொய் சொல்கிற தலைவிக்கு ஒன்பதாம் விதிப்படி கிடையாது.

பாய்க்குத் தான் செய்த உபகாரம் மெதுவாகப் புரிந்தது. "சார், அது யாவாரப் பேச்சு. நானும்தான் 'வீட்ல கேட்டுச் சொல்றேன்'னு சொல்வேன்."

"கேட்பீங்களா?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "நான் நெசமாவே கேப்பேன் சார். கேக்காம நெல்லு புடிச்சா ரஹ்மத் பீவி மூணு நாளைக்குப் பேசமாட்டா."

"அது என் ஆய்வு வரம்புக்குள் வராது," என்று தமிழரசன் ஜீப்பில் ஏறிவிட்டார்.

சிக்கலான வழக்கு என்று கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கே ஆறு பேர் கூடி, மூன்று முறை டீ குடித்து, ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கணவர் தலையிடுகிறாரா என்பதை எப்படி அறிவது? கம்பெனியைப் பற்றி அவருக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தெரிந்தால் தலையிடுகிறார். தெரியாவிட்டால் இல்லை. ஆகவே கணவருக்கு எழுத்துத் தேர்வு. ஐம்பது கேள்வி, நூறு மதிப்பெண். தேர்ச்சி பெறப் பூஜ்யம் எடுக்க வேண்டும்.

மதிவதனியின் கணவர் ஐயாவு பத்தாம் வகுப்புக்குப் பிறகு பரீட்சை எழுதியதில்லை. ஆனால் இந்தப் பரீட்சை சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்தாம் வகுப்பில் அவர் வாங்கிய மார்க்கும் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. மடிப்புக் கலையாத வேட்டி கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே கேள்வித்தாள் கொடுத்தவர் கலைமகள். அலுவலக உதவியாளர். அந்த அலுவலகத்தில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள். இருபது வருஷமாக உதவியாளராகவே இருந்தார், ஏனென்றால் அவரை மேலே அனுப்பிவிட்டால் தாளை யார் எடுத்துக் கொடுப்பது?

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. தமிழரசன் மதிவதனியைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் துக்கம்.

"நாலு மார்க் மேடம். ரெண்டு கேள்விக்குச் சரியா எழுதிட்டாரு."

"எதுக்குங்க?"

"நெல்லோட ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம்னு கேட்டோம். பதினேழுன்னு எழுதியிருக்காரு. கம்பெனியோட தொழில்நுட்பத் தகவல் வீட்டுக்குள்ள கசிஞ்சிருக்கு."

"சார், எங்க ஊர்ல தொட்டில்ல கெடக்குற புள்ளையும் பதினேழுன்னு சொல்லும்."

"அந்தப் பிள்ளை உங்க கணவர் இல்லையே மேடம். ரெண்டாவது, நிறுவனத்தின் தலைவி யார்னு கேட்டோம்."

"என் பேரை எழுதிட்டாங்களா?"

"அதுதான் கவலை. உயர்மட்ட நிர்வாக அமைப்பே அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மதிவதனிக்கு ஆத்திரம் பொங்கியது. ஐயாவு அடுப்படியில் கெண்டை மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"தெரியலைன்னு எழுதியிருக்கலாமில்லங்க?"

"ஈரப்பதம் கை தவறி எழுதிட்டேன்," என்றார் ஐயாவு. "ஆனா உன் பேரு தெரியாதுன்னு எழுதக் கை வரல மதி. பேனாவைப் புடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்."

அதற்குமேல் அவரைத் திட்ட மதிவதனிக்கு மனசு வரவில்லை. சாப்பிடும்போது குழம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அது நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த தேர்வு புரட்டாசிக் கடைசியில். மழைக்கு முன்னால் அது ஒன்றுதான் வாய்ப்பு. இடைப்பட்ட நேரத்தில் கோப்பு நிலுவையில் உள்ள தலைவிகள் சும்மா இருக்கக் கூடாது என்று, அவர்களைத் தஞ்சாவூரில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அழைத்தார்கள். சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு ஊதாக் கோட்டுக் கொடுத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த தமிழ்நிலா என்ற பயிற்சியாளர், ஒரு தலைவி நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு முழுநாள் சொல்லிக் கொடுத்தார். உலகமே தன்னுடையது என்பதாக உட்கார வேண்டுமாம்.

"குறுவை அறுப்பு நெருங்குதுங்க. நெல்லு நனையாம இருக்க எப்படி உட்காரணும்?" என்று மதிவதனி எழுந்து கேட்டார்.

"அருமையான கேள்வி. இந்தத் தன்னம்பிக்கைதான் வேணும். எல்லாரும் கைதட்டுங்க," என்றார் தமிழ்நிலா.

கைதட்டினார்கள். மாலையில் 'தொழிலில் பெண் தலைமை' என்று கருத்தரங்கம் நடந்தது. ஐந்து ஆண்கள் பேசினார்கள். நேரம் போதாததால் பெண்களின் கருத்தை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள்.

ஐயாவு அந்த நாட்களில் குடவாசல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் படித்துக்கொண்டிருந்தார். 'கணவர்களுக்கான அறியாமைப் பயிற்சி மையம். நூறு சதவீதம் பூஜ்யம் உறுதி' என்று பலகை. நடத்தியவர் முருகையன். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, யார் என்ன கேட்டும் எதுவும் தெரியாது என்ற ஒரே பதிலோடு எந்தக் கரும்புள்ளியும் இல்லாமல் ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊர்களில் சான்றிதழுக்குக் காத்திருந்த தலைவிகளின் கணவர்கள் இருபது பேர் அவரிடம் சேர்ந்திருந்தார்கள்.

"கேள்வியை முழுசா கேட்கவே கூடாது," என்று முருகையன் பாடம் எடுத்தார். "கேட்டா புரிஞ்சிடும். புரிஞ்சா பதில் வந்துடும். அங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. எதிராளி பேச ஆரம்பிச்சதும் கண்ணாடியத் தேடுங்க."

"கண்ணாடி போடாதவங்க என்னங்க ஐயா பண்றது?"

"அப்பவும் தேடணும். அப்புறம் மூணு பதில்தான். பார்க்கிறேன். நம்ம செக்ஷன் இல்லை. நாளைக்கு வாங்க. வாழ்க்கையில நாலாவது பதில் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை."

ஐயாவு மனைவிக்காகத்தான் படிக்கப் போனார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதையும் சிரத்தையாகச் செய்கிறவர். மூன்றாம் வாரமே பலன் தெரிந்தது.

"பால் கறந்தாச்சாங்க?" என்று மதிவதனி கேட்டார்.

ஐயாவு சட்டைப் பையைத் தடவினார். அதில் இரண்டு பேனா இருந்தன. "எழுதிக் குடு. பார்க்கிறேன்."

"மாடு கத்துதுங்க."

"அது நம்ம செக்ஷன் இல்லை."

அன்றிலிருந்து கம்பெனியோடு சேர்த்து மூன்று மாடுகளையும் மீன் குட்டையையும் அடுப்பையும் மதிவதனியே நடத்தினார். பரீட்சை முடிந்தால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு நாள் கூடத்தில் அவரைத் தாண்டிப் போகும்போது, "யாரைப் பார்க்கணும்?" என்று ஐயாவு கேட்டுவிட்டார். மதிவதனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இரண்டாம் தேர்வில் ஐயாவு பூஜ்யம் எடுத்தார். வெறும் பூஜ்யம் இல்லை. பெயர் எழுதுகிற இடத்தையும் காலியாக விட்டிருந்தார். உங்கள் பெயர் என்ன என்று தமிழரசன் நேரில் கேட்டதற்கு, கண்ணாடியைத் தேடி, "நாளைக்கு வாங்க" என்றார். தமிழரசன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளை ரெண்டே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன் மேடம்," என்று மதிவதனியிடம் தழுதழுத்தார். "ரெண்டு பேருமே எனக்கு மேலதிகாரிங்க."

கோப்பு மேலே போனது. இப்படிப்பட்டவரை மாட்டுக் கொட்டகையில் வைத்திருப்பது மாநிலத்துக்கு இழப்பு என்று தலைமை அலுவலகம் கருதியது. பெண்களின் தொழிலில் தலையிடாத ஆண் என்று எழுத்துப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். பெண் தலைமை பற்றி ஆலோசனை சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? மூன்றே நாளில் ஆணை வந்தது. ஐயாவு, மகளிர் தொழில் தலைமைத்துவ மாநில கௌரவ ஆலோசகர். ஜீப்பு, பெயர்ப்பலகை, சால்வை எல்லாம் வந்தன. ஊர் முனையில் அவர் படம் போட்டு பேனர் வைத்தார்கள். அதன் மூலையில் மதிவதனியின் படமும் இருந்தது. துணைவியார் என்று கீழே போட்டிருந்தார்கள்.

சான்றிதழ் மட்டும் வரவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. கணவர் இப்போது இயக்ககத்தின் ஆலோசகர் ஆகிவிட்டார். ஆலோசகரின் மனைவிக்கு இயக்ககம் சான்றளிக்கலாமா என்று ஒரு சட்டச் சிக்கல். அதில் ஆலோசனை கேட்டுக் கோப்பை ஆலோசகருக்கே அனுப்பிவிட்டார்கள். கோப்பு ஐயாவின் கட்டில் மேல், தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என்னங்க, அதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. நெல்லு அறுத்தாச்சு."

ஐயாவு அவரைக் கனிவாகப் பார்த்தார். "வீட்டுல ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது மதி. நீ தலையிடுற மாதிரி ஆயிடும்."

மறுநாள் பிடித்த மழை மூன்று நாளாகியும் விடவில்லை. ஊரில் பாதிப் பேருடைய நெல் ரோட்டில் குவியலாகக் கிடந்தது. பங்குதாரர்களில் மூத்தவர் கண்ணாத்தாள், கையிலிருந்த ஒரே குடையைக் குவியலுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தார். மதிவதனி போய்ப் பக்கத்தில் நின்றார். கண்ணாத்தாள் குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து விரித்துக் காட்டினார். ஓரத்தில் வெள்ளையாக முளை கண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா எல்லாம் போச்சு மதி," என்றார் கண்ணாத்தாள். "அந்த மிஷினு கிடங்குல சும்மாத்தானே நிக்குது?"

மதிவதனி அப்படியே பஸ் ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். கலைமகளின் மேசைக்குப் பின்னால் ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"தலைவிங்கற முறையில கேட்டீங்கன்னா சாவி தர முடியாதுங்க," என்றார் கலைமகள் தாழ்ந்த குரலில். "ஃபைல் உங்க வீட்டுல இருக்கு. அது எப்ப வருமோ."

"நெல்லு முளைக்குதுங்க."

"தெரியுதுங்க. நானும் கொரடாச்சேரிப் பக்கம்தான். அதனாலதான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உள்ள போயி, நான் ஆலோசகர் வீட்டம்மான்னு மட்டும் சொல்லிப் பாருங்க. வேற எதுவும் சொல்ல வேணாம்."

மதிவதனி அங்கேயே நின்றார். சுவரில் 'உன் அடையாளம் நீயே' என்று ஒரு பெண் வானத்தைப் பார்க்கிற படம் ஒட்டியிருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. நடவுக்கு ஆள் கூட்டிப்போன காலத்தில்கூட யாருடைய பெயரையும் சொல்லி அவர் வேலை கேட்டதில்லை. பிறகு உள்ளே போய்ச் சொன்னார்.

தமிழரசன் நாற்காலியை விட்டு எழுந்தார். "அம்மா, நீங்க ஏன் மழையில வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே." டீ வந்தது. துவட்டிக்கொள்ளத் துண்டு வந்தது. ஆணியிலிருந்த சாவியைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். ஜீப்பில் அழைத்துப் போய்த் தானே பூட்டைத் திறந்தார். விதிப் புத்தகத்தை அவர் எடுத்துவரவே இல்லை. பதினோரு வருஷம் தலைவியாக இருந்து கிடைக்காதது, ஒரு நிமிஷம் வீட்டம்மாவாக இருந்ததில் கிடைத்துவிட்டது.

இயந்திரம் மூன்று நாள் இடைவிடாமல் ஓடியது. கிடங்கைச் சுற்றிச் சூடான நெல் வாசனை அடித்தது. ஈரம் பதினாறுக்கு இறங்கியது. ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை. எப்படிச் சாவி வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் மதிவதனி நடந்ததை அப்படியே சொன்னார். கோபத்தோடுதான் சொன்னார். கேட்டவர்கள் கோபப்படவில்லை. யோசித்தார்கள்.

யோசித்ததன் பலன் பொதுக்குழுவில் தெரிந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். பார்வையாளராகத் தமிழரசன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாத்தாள் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

"நம்ம ஐயாவு ஒருத்தர் பெரிய ஆளானதுல மிஷினு ஓடுது. இன்னும் நமக்குக் கிடங்கு வேணும், லாரி வேணும், வாய்க்கால் தூர் வாரணும். ஒவ்வொண்ணுக்கும் நாம நடையா நடந்து செருப்பு தேயணுமா? எல்லாருடைய வீட்டுக்காரரையும் முருகையன்கிட்ட படிக்க அனுப்பணும். கம்பெனியே அனுப்பணும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. தஞ்சாவூர் ஓட்டலில்கூட அப்படித் தட்டவில்லை.

"அக்கா, இது பொம்பளைங்க நடத்துற கம்பெனிக்கா," என்றார் மதிவதனி.

"ஆமா. அதனாலதான் நாமளே முடிவு பண்றோம்."

"பெரிய ஆளானதும் அவங்க நம்மகிட்ட எப்படி நடந்துப்பாங்கன்னு என்னைப் பார்த்துமா தெரியல? மூணு மாடும் இப்ப நான்தான் கறக்குறேன்."

"கறக்குறதுதான் கறக்குறே, ஜீப்புல போயில்ல கறக்குறே," என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். கணவர் இல்லாதவர்கள் மகனையும், மகன் இல்லாதவர்கள் மருமகனையும் அனுப்பலாம் என்று ஒரு திருத்தமும் சேர்ந்தது. கை தூக்கச் சொன்னார்கள். முன்னூற்றுப் பதினோரு கைகள் மேலே போயின. ஏகமனதாக என்று எழுதினால்தான் அழகாக இருக்கும் என்று எல்லோரும் கெஞ்சியதால், மதிவதனியும் கடைசியில் கையைத் தூக்கினார்.

தமிழரசன் மேடைக்கு வந்தார். குரலில் சந்தோஷம் நடுங்கியது. "இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரச் சொல்லி உங்க கணவர்மார் யாராச்சும் சொன்னாங்களா?"

"அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார்," என்றார் கண்ணாத்தாள். "இனிமேதான் வீட்டுக்குப் போயி அதட்டிச் சொல்லணும்."

அதற்குமேல் ஆய்வு தேவைப்படவில்லை; ஐயாவின் கட்டிலில் கிடந்த கோப்பும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. தமிழரசன் பையிலிருந்து சான்றிதழை எடுத்து, தேதி போட்டு, முத்திரை குத்தி, மேடையிலேயே மதிவதனியின் கையில் கொடுத்தார். 'இந்நிறுவனத்தின் முடிவுகள் அனைத்தும் பெண்களாலேயே, பெண்களின் முழு விருப்பத்தின் பேரில், ஆண்களின் தலையீடு எள்ளளவுமின்றி எடுக்கப்படுகின்றன என இதனால் சான்றளிக்கப்படுகிறது' என்று அதில் எழுதியிருந்தது.

மதிவதனி அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது.